மாடு எழுந்து போனது, என் முழங்கால் நடுக்கம் போகவில்லை

விடியற்காலை நாலே காலுக்கு புக்கிட் ரோத்தானை விட்டுக் கிளம்பினால்தான் காலை நிகழ்ச்சிக்கு நேரத்தோடு ஒலிபரப்பு அறையில் போய் உட்கார முடியும். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துச் சாலையில் என்னோடு வருபவர்கள் சிலர்தான். வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்காரர்கள், செம்பனைக் குலை ஏற்றிய ஒன்றிரண்டு லோரிகள், பிறகு மாடுகள். பகல் முழுக்க வெயில் குடித்த தார் இரவில் கதகதப்பாக இருக்கும், அதனால்தான் தோட்டத்து மாடுகள் சாலையில் வந்து படுக்கின்றன என்பது அப்பாவின் கணக்கு.

அன்று ஈஜோக் பக்கம் ஒரு வளைவு தாண்டியதும் கறுப்பாக ஒன்று படுத்திருந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. மாட்டின் முதுகுக்கும் என் நம்பர் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அது என்னைத் திரும்பிப் பார்த்தது, பிறகு ஆற அமர எழுந்து செம்பனைக் காட்டுக்குள் போனது. அன்று முதல் பாடலை அறிவிக்கும்போது என் குரல் சரியாக இல்லை. "உடம்புக்கு முடியலையா அக்கா?" என்று ஒரு நேயர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்.

அந்தக் காரை வாங்கி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

பத்து வயதுக் கார். எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிற அந்தச் சின்ன உள்நாட்டு ரகம்தான். கிள்ளான் பக்கம் ஒரு பழைய கார் விற்பனை மையத்தில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு வாங்கினேன். வாங்கும்போது நான் சோதித்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏர்கோன் குளிர்கிறதா, இருக்கை கிழிந்திருக்கிறதா, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். அதற்கெல்லாம் முன்பு ஸ்பீக்கரைச் சோதித்தேன். வானொலிக்காரி இல்லையா! பிரேக்கை? விற்பனை மையத்தின் வாசலில் ஒரு சுற்று ஓட்டியபோது மிதித்தேன், நின்றது. அதற்குமேல் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

உரிமை மாற்றத்திற்கான புஸ்பாகோம் பி5 சான்றும் கையில் இருந்தது. அதை நான் முழுக் காப்பீடு மாதிரி நம்பினேன். அந்தச் சான்று பொய் என்று சொல்லவில்லை. அது சோதனை நடந்த அன்றைக்கு அந்தக் கார் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். பிரேக் ஆயில் எத்தனை வருடப் பழசு, உள்ளே எந்த ரப்பர் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது, அடுத்த மாதம் எது ஒழுகும் என்பதையெல்லாம் அதில் தேடக் கூடாது.

மாட்டு விவகாரத்தை வீட்டில் சொன்னதும் அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டிய மனிதர். தாமானை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "நல்லாத்தான்மா இருக்கு. உனக்குப் புதுக் காடி இன்னும் பழகல" என்றார். அப்பாவே சொன்ன பிறகு யாரிடம் கேட்பது? நானும் கொஞ்சம் முன்கூட்டியே மிதிக்கப் பழகிக்கொண்டேன்.

இந்தப் பழகிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன். கோலா சிலாங்கூர் வட்டாரம் கைத்தட்டு மாதிரி சமதரை. ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சபாக் பெர்ணம் வரைக்கும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் செம்பனை, அப்புறம் வயல், அப்புறம் மறுபடியும் செம்பனை. மேடு என்று ஒன்று கண்ணில் படாது. இப்படிப்பட்ட ஊரில் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தாலே பாதி வேகம் குறைந்துவிடும். மிச்சத்துக்குத்தான் பிரேக். பலவீனமான பிரேக்கோடு ஒருவர் மாதக் கணக்கில் இங்கே ஓட்டலாம். கால் தன்னை மாற்றிக்கொள்ளும், மூளைக்குச் செய்தியே போகாது.

எங்கள் ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது புக்கிட் மெலாவாத்தி ஒன்றுதான். பினாங்கிலிருந்து வந்திருந்த சித்தி மகளுக்குக் குரங்குகளையும் கலங்கரை விளக்கத்தையும் காட்டுவதற்காக ஒரு வார நாளில் மேலே போனோம். இறங்கும்போது மெதுவாகத்தான் வந்தேன். முதல் மிதியில் பெடல் கீழே கீழே போய், கிட்டத்தட்டத் தரை விரிப்பைத் தொட்டது. பயத்தில் காலை எடுத்து மறுபடி மிதித்தேன். இந்த முறை மேலேயே பிடித்தது. பின் இருக்கையில் தங்கையின் பிள்ளைகள் குரங்குக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டாவது மிதியில்தான் எனக்கு அப்பா புரிந்தார். பழைய லோரி ஓட்டுநர்கள் பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்க மாட்டார்கள். படபடவென்று இரண்டு மூன்று தடவை மிதித்துத்தான் நிறுத்துவார்கள். அப்பாவின் காலுக்கு அது மூச்சு விடுவதுபோல. என் காரையும் அப்படித்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார். காரின் பழுது, அவருடைய பழக்கத்துக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டது.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் கண்ணில் பட்ட ஒரு பட்டறையில் விட்டேன். பிரேக் பிடிக்கவில்லை என்றால் பேட் தேய்ந்திருக்கும் என்பது ஊர் அறிந்த வைத்தியம். முன் சக்கரம் இரண்டுக்கும் புதுப் பேட் போட்டார்கள். "பிரேக் ஆயிலும் குறைஞ்சிருந்துச்சு, ஊத்திட்டேன்" என்று அந்தப் பையன் சொன்னான். நன்றிகூடச் சொன்னேன். நூற்று முப்பது வெள்ளி. கார் அப்படியேதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து பெஸ்தாரி ஜெயாவில், அதாவது இன்னமும் எங்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கிற ஊரில், அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அந்தப் பக்கம்தான் தென்னமரம் தோட்டம். 1917இல் இந்த நாட்டில் வணிக அளவில் முதன்முதலாகச் செம்பனை நட்ட இடம். பெயரைச் சொன்னாலே தமிழ் கேட்கும். மெக்கானிக்கின் அப்பாவும் அங்கே வேலை செய்தவர் என்பதில் ஆரம்பித்து, இரண்டு பேரும் கால் மணி நேரம் பழங்கதை பேசினார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேலை என்று வந்ததும் அவர் செய்த முதல் காரியம் எனக்குப் புதிது. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார்.

"இஞ்சினை அடைச்சிட்டு நாலஞ்சு தடவ மிதிங்கம்மா."

மிதித்தேன். பெடல் கல்லாகியது.

"அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

இஞ்சின் பிடித்ததும் பெடல் காலுக்கடியில் லேசாக இறங்கியது. "பூஸ்டர் நல்லா இருக்கு" என்றார். நம் கால் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் வட்டமான டப்பா அது. இஞ்சின் உறிஞ்சும் காற்றிலிருந்து அதற்குச் சக்தி கிடைக்கிறது. பெடல் இறங்காமல் கல்லாகவே இருந்தால் பூஸ்டரோ அதற்குப் போகும் காற்றுக் குழாயோ பழுது. அப்போது பெடல் கெட்டியாக இருக்கும், கார் மட்டும் நிற்காது.

அடுத்து, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடலை ஒரே சீராக அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அது மெதுவாக நழுவிக் கீழே போனால் மாஸ்டர் பம்ப்பின் உள் ரப்பர் போய்விட்டது, அல்லது எங்கோ பெரிதாக ஒழுகுகிறது என்று பொருளாம். என் பெடல் நழுவவில்லை.

மூன்றாவதாக, காலை முழுக்க எடுத்து, ஒரு தடவை மிதித்து எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கச் சொன்னார். உடனே இரண்டாவது தடவை. முதல் மிதி ஆழம், இரண்டாவது மேலே. புக்கிட் மெலாவாத்தியில் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. இதற்கு இரண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒன்று, குழாயில் காற்று புகுந்திருக்க வேண்டும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்றிருக்கும். இல்லையென்றால் பின் சக்கர டிரம்முக்குள் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடிப் போயிருக்கும். முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிவிடும். ஷூ முழுக்கப் பின்வாங்குவதற்குள் இரண்டாவது மிதி விழுந்தால், அதுதான் உண்மையில் பிடிக்கும்.

பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கடகடவென்று பத்துப் பல் ஏறியது. "இதுவும் பின்னாலதான் கை காட்டுது" என்றார். நான் அதை அந்தக் காரின் குணம் என்று நினைத்திருந்தேன்!

கடைசியில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவு மறுபடியும் குறைந்திருந்தது. நிறம் கோப்பி ஓ. "யாரு ஊத்துனா?" என்று கேட்டார். முந்தின பட்டறைக் கதையைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது. பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மெல்லக் குறைவது இயல்பு. ஆனால் புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். தள்ளினால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி அளவு ஏற வேண்டும். புதுப் பேட் போட்ட பிறகும் ஊற்ற வேண்டியிருந்தது என்றால், ஆயில் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் குறைகிற பொருள் இல்லை. குறைந்தால் ஊற்றுவது வைத்தியமே இல்லை, ஏன் குறைந்தது என்று தேட வேண்டும்.

ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இதுவரை வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பின் இடது டிரம் திறந்தது. உள்ளே கறுப்புச் சேறு. பிரேக் தூளும் ஒழுகிய ஆயிலும் கலந்து குழம்பாகியிருந்தது. ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் வெடித்து, ஷூ இரண்டும் ஊறிப்போயிருந்தன. தேய்மானத்துக்கு ஏற்பத் தானாக இடைவெளியைக் குறைக்க வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. வலது டிரம்மில் ஒழுகல் இல்லை; அங்கேயும் அட்ஜஸ்டர் அசையவில்லை.

பிரேக் பிடிக்கும்போது கார் கொஞ்சம் வலப்பக்கம் போவதைப்போல எனக்கு இரண்டு மூன்று முறை தோன்றியிருக்கிறது. சாலைச் சரிவு என்று விட்டுவிட்டேன். இடது பின் சக்கரம் தன் பங்கைச் செய்யவில்லை, அவ்வளவுதான் விஷயம். கார் நிற்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன் சக்கரங்களே செய்துவிடுகின்றன. அதனால்தான் பின்பக்கப் பழுது இவ்வளவு நாள் அடக்கமாக இருந்தது. நான் என்னமோ பழுது என்றால் கிறீச்சென்று சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பேட் தேய்ந்தால் சத்தம் வரும், அதற்கென்றே சிறு தகடு வைத்திருக்கிறார்கள். ஒழுகலுக்குச் சத்தம் கிடையாது.

"இதுல எங்கயும் தூரமா போறதா இருந்தீங்களா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"அடுத்த வாரம் பள்ளி விடுமுறை அண்ணே. பிள்ளைகளோட கெந்திங் போகலாம்னு..."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பாதான் எழுந்து வெளியே போனார்.

2013 ஆகஸ்ட் 21 நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்ட நாள். அந்தப் பேருந்தின் பிரேக் நிலை அப்போது பெரிய கேள்வியாக எழுந்தது. பேருந்தையும் என் சின்னக் காரையும் ஒப்பிடக் கூடாதுதான், இரண்டின் பிரேக் அமைப்பும் வேறு. ஆனால் மலை இறக்கம் எல்லா வண்டியிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: இவ்வளவு சூட்டை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? ஓடும் காரின் வேகத்தைப் பிரேக் சூடாகத்தான் மாற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூடு பேட் வழியாக ஆயிலுக்கும் போகும்.

ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ஒரு திரவம். புதிய டாட் 3 ரகத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். நூற்றுக்கு நாலு பங்குகூட நீர் சேரவில்லை, அதற்குள் 140 பாகையே போதும் என்ற நிலைக்கு வந்துவிடும். டாட் 4 என்றால் அதே கணக்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். நீங்கள் மிதிப்பது ஆவியை அழுத்துவதிலேயே முடிந்துபோகும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பழையதை முழுக்க வெளியேற்றிப் புதியதை நிரப்ப வேண்டும் என்பது இதற்காகத்தான். இறக்கத்தில் பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வராமல், ஆட்டோ கியர் காராக இருந்தாலும் சின்ன கியருக்கு மாற்றி இஞ்சினை இழுத்துப் பிடிக்க விடுவதும் இதற்காகத்தான்.

இரண்டு வீல் சிலிண்டர், பின் ஷூ ஒரு ஜோடி செட், அட்ஜஸ்டர் சுத்தம், புது ஆயில், கூலி எல்லாம் சேர்த்து முந்நூற்று நாற்பது வெள்ளி. ஊறிய ஷூவைக் கழுவிப் போடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார், உறிஞ்சியதைச் சூடாகும்போது மறுபடி கக்குமாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா? அதுவும் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். முன் பேட்டையும் ஒரு பார்வை பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நூற்று முப்பது வெள்ளி, தவறான கேள்விக்குச் சரியான பதில்.

விற்றவரிடம் தொலைபேசியில் பேசினேன். "பழைய காடிதானே, அப்படித்தான் இருக்கும்" என்றார். பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது, விடுங்கள். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகள் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம், மனுக் கட்டணம் ஐந்தே ரிங்கிட், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பழுது பார்க்கும் முன் எடுத்த படங்களும், இரண்டு பட்டறைகளின் ரசீதும் என்னிடம் இருந்தன. அதைச் சொன்னதும் அவருடைய குரல் மாறியது. பாதிச் செலவைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மன்றம்வரை போயிருக்க வேண்டும் என்று என் தம்பி இன்னும் திட்டுகிறான். அவன் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

என் கூட வேலை செய்யும் இளம் அறிவிப்பாளர் ஒருவர் இப்போது பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். அந்த மூன்று மிதிச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், விற்பவரின் வாசலிலேயே, வண்டி நின்ற நிலையிலேயே செய்யலாம். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆயில் டப்பாவைப் பாருங்கள், பின் டயர்களின் உள்பக்கத்தில் ஈரக் கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே, புது ரிம்முக்கும் இருக்கை உறைக்கும் காசு கொடுப்பதற்கு முன்னால், நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கிற ஒருவரிடம் கொண்டு போங்கள். பேட்டின் கனம் மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். பெடல் தரையைத் தொட்டாலோ ஆயில் குறைந்துகொண்டே வந்தாலோ, 'பட்டறைவரைக்கும் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்' என்று கிளம்பாதீர்கள். இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். நான் புக்கிட் மெலாவாத்திக்குப் பிறகும் பல நாள் அந்தக் காரை வேலைக்கு எடுத்துப் போனேன், அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பல சின்னக் கார்களில் ஒரு பின் சக்கரமும் அதற்குக் குறுக்கே உள்ள முன் சக்கரமும் ஒரே குழாய்ப் பாதையில் இருக்கும். பின்னால் ஒழுகி அந்தப் பாதை காலியானால், முன்னாலும் ஒன்று போய்விடும்.

கெந்திங் பயணத்தை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைத்தோம். பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பழுது பார்த்து முடிந்த அன்று பட்டறையிலிருந்து வீட்டுக்கு அப்பாதான் ஓட்டினார். ஈஜோக் சந்திப்பில் சிவப்பு விளக்கு. பழக்க தோஷத்தில் கால் இரண்டு தடவை அடித்தது. கார் குலுங்கி, விளக்குக்கு வெகு முன்பே நின்றுவிட்டது. பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஒரே மிதிப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அடுத்த விளக்கில் ஒரே தடவை மிதித்தார்.